பெரிய டயருக்கு எத்தனை பிஎஸ்ஐ? தார், எல்டி 265/75 ஆர்16, லோட் ரேஞ்ச் ஈ

3 மார்ச், இரவு 9.10 – செம்மண்தடம்

மஹிந்திரா தார் ஜீப், டீசல். கம்பெனி டயர் 255/65 ஆர்18. அதைக் கழற்றிவிட்டு 16 இஞ்ச் ரிம்மில் எல்டி (லைட் டிரக் வகை) 265/75 ஆர்16 ஆல் டெரெய்ன் போட்டிருக்கிறேன். லோட் ரேஞ்ச் ஈ, அதாவது அதிகச் சுமை தாங்கும் தடித்த வகை. டயர் ஓரத்தில் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று அச்சடித்திருக்கிறது. கடையில் 45 அடித்துக் கொடுத்தார்கள். சின்ன ஒட்டுப்போட்ட ரோட்டில்கூட வண்டி தூக்கிப் போடுகிறது. டயர்தானே மாறியது, வண்டி எடை அதேதானே, அப்புறம் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணை மாற்றுவானேன்? இதுதான் என் வாதம். தப்பு என்றால் கணக்கோடு சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு 10.02 – எடைமேடை

பாதி சரி. எடை அதேதான். ஆனால் அந்த எடையைத் தாங்கும் டயர்க் கூடு (உள்ளிருக்கும் இழை அடுக்குகள்) வேறு. கதவில் இருக்கும் எண் கம்பெனி போட்ட டயருக்கு எழுதியது. அளவோ வகையோ மாறினால் அது செல்லாது.

80 என்பது பரிந்துரை இல்லை. டயரின் முழுச் சுமையான 1550 கிலோவைச் சுமக்க வேண்டுமானால் குளிர்ந்த நிலையில் அவ்வளவு காற்று வேண்டும் என்பதே அதன் பொருள். நாலு சக்கரத்துக்கு 6200 கிலோ ஆகிறது. உங்கள் வண்டி சாமான் ஏற்றினாலும் அதில் பாதிகூட வராது.

முதலில் லாரி எடை மேடைக்குப் போங்கள். டேங்க் நிரப்பி, வழக்கமாக ஏறும் ஆட்கள், வழக்கமான சாமானோடு. முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை, முழு வண்டிக்கு ஒன்று, பின்சக்கரம் மட்டும் நிற்க ஒன்று. மேடையும் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சாய்வில் நின்றால் முன்பின் கணக்கு பிசகும். அந்த மூன்று எண் வந்தபிறகு பேசுவோம்.

5 மார்ச், மாலை 6.40 – செம்மண்தடம்

முன் 1080, பின் 1040, மொத்தம் 2115. இரண்டு பேர், முழு டேங்க், வின்ச், இரும்பு பம்பர், டூல் பெட்டி.

5 மார்ச், இரவு 7.15 – பஞ்சர்பெட்டி

அப்ப முன்சக்கரம் ஒண்ணுக்கு 540 கிலோ. 1550-க்கு 80 என்றால் 540-க்கு 28. பின்னால் 27. 45 அடித்த கடைக்காரர் லாரி டயர் பழக்கத்தில் அடித்திருப்பார். 28 போட்டு ஓட்டுங்க தம்பி.

5 மார்ச், இரவு 8.30 – எடைமேடை

அண்ணே, அந்த நேர்விகிதக் கணக்கு இங்கே நேராகப் பொருந்தாது. டயரின் தாங்கும் திறன் காற்றோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை. இதே அளவு டயருக்கு 50 பிஎஸ்ஐயில் 1120 கிலோ. நேர்கோடு போட்டால் 969 என்றுதான் வரும். 35-இல் ஏறக்குறைய 865 கிலோ. நேர்கோடு 678 சொல்லும். அதாவது உங்கள் கணக்கு டயரைக் குறைத்து மதிக்கிறது. தவறினாலும் பாதுகாப்பான பக்கம்தான் தவறுகிறது, அதனால் முதல் மதிப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் வேறு இடத்தில். எல்டி டயர்களின் சுமை அட்டவணை பெரும்பாலும் 35 பிஎஸ்ஐயில் தொடங்கும். அதற்குக் கீழே அச்சான எண் கிடையாது. நம் சக்கரச் சுமை 540, அட்டவணையின் முதல் படிக்கே எட்டவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. மாற்று டயர் போட்டால், கம்பெனி டயர் கதவு எண்ணில் எவ்வளவு சுமக்குமோ அதற்குக் குறையாமல் புதியதும் சுமக்க வேண்டும் என்பது டயர் தொழிலில் உள்ள விதி. 255/65 ஆர்18 வழக்கமாக சுமைக் குறியீடு 111, அதாவது 36 பிஎஸ்ஐயில் 1090 கிலோ. கதவில் 30 என்று இருப்பதாக வைத்துக்கொண்டால் அந்த அழுத்தத்தில் சுமார் 940. புதிய டயரில் அதே 940-ஐ எட்ட 39, 40 வரை போக வேண்டும். கதவு எண்ணை அப்படியே வைக்கலாம் என்ற வாதம் இங்கேதான் உடைகிறது: டயர் பெரிசானாலும் எல்டி வகையில் அதே எண்ணுக்குக் குறைவாகத்தான் சுமக்கிறது.

ஆக எடைக் கணக்கு 28 என்கிறது, விதி 40 என்கிறது. உண்மையான எண் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அதை வண்டியை ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

5 மார்ச், இரவு 8.52 – செம்மண்தடம்

540 கிலோவுக்கு 940 கிலோ திறன் எதற்கு அண்ணே? பாதிக்குப் பாதி சும்மா கிடக்கிறதே.

5 மார்ச், இரவு 9.20 – எடைமேடை

சும்மா கிடக்கவில்லை. 540 என்பது நின்ற வண்டி. பிரேக் பிடித்தால் முன்னால் ஏறும், வளைவில் வெளிச்சக்கரத்தில் ஏறும், பள்ளத்தில் விழும் கணத்தில் இன்னும் ஏறும். நாலு பேரும் சாமானும் ஏறினால் பின்சக்கரத்தில் நூறு கிலோவுக்கு மேல் கூடிவிடும். எல்லாவற்றுக்கும் மேல் சூடு. டயர் கெட்டுப்போவது சுமையால் மட்டும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்வதில் வரும் சூட்டால். மே மாதம் நாற்கரச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்கில் போனால் அந்தச் சூடு வெளியேற வழி இருக்காது.

2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு சொன்ன அழுத்தம் 26, ஃபயர்ஸ்டோன் பிறகு சொன்னது 30. ட்ரெட் (டயரின் தரையில் படும் வெளிப்பகுதி) உரிந்து வண்டிகள் உருண்டன. சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. உற்பத்திக் குறை, வண்டியின் உருளும் தன்மை என்று அதற்குப் பல காரணம் பேசப்பட்டது. குறைந்த காற்றும் வெயிலும் வேகமும் அதில் ஒன்று. டயரில் அழுத்தமானி சென்சார் கட்டாயம் என்ற அமெரிக்கச் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. மென்மையான சவாரிக்காக எண்ணைக் குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு.

6 மார்ச், காலை 6.30 – நீலமலைக்காரர்

அதிகமாக அடித்தாலும் ஆபத்துதான், அதையும் எழுதுங்கள். 45-இல் இந்த எடைக்கு டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தரையில் படும். மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் தூரம் கூடும், நடு ட்ரெட் முதலில் தேயும், கூர்க்கல்லில் டயர் வளைந்து கொடுக்காமல் குத்து வாங்கும்.

6 மார்ச், மதியம் 1.15 – எடைமேடை

சரி. இனி ஓட்டிப் பார்க்கும் முறை.

விடிகாலையில், வண்டி மூன்று மணி நேரமாவது நின்றபிறகு, வெயில் படாத இடத்தில் 36 வையுங்கள். நேரான நல்ல சாலையில் உங்கள் வழக்கமான வேகத்தில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். நிறுத்திய உடனே அளக்க வேண்டும், டீ குடித்துவிட்டு அளந்தால் பயன் இல்லை. ஏற்றம் 4 முதல் 6 பிஎஸ்ஐக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் ஏறினால் குளிர் அழுத்தம் போதவில்லை, 2 கூட்டுங்கள். 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் 2 குறைக்கலாம். எதையும் மறுநாள் காலையில், டயர் குளிர்ந்தபிறகே செய்யுங்கள். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. ஆறியதும் அது அபாயமான அளவுக்குக் கீழே போய்விடும்.

இந்த எண்களின் பொருள் என்ன? 30 டிகிரியில் 32 அடித்த டயர் 37 காட்டினால் உள்ளே காற்று 62 டிகிரி. 40 காட்டினால் 82 டிகிரி. ரப்பரும் உள்ளிருக்கும் எஃகு வலையும் ஒட்டும் இடம் காற்றைவிடச் சூடாக இருக்கும். 8 பிஎஸ்ஐ ஏற்றத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

இது அனுபவ விதி. டயர் கம்பெனிகள் அச்சிட்டுத் தரும் விதி இல்லை. தடித்த ஈ வகைக் கூடு, மெல்லிய கூட்டைவிட இயல்பாகவே கொஞ்சம் அதிகம் சூடேறும். அதனால்தான் 4 என்று நிறுத்தாமல் 6 வரை சொன்னேன்.

6 மார்ச், மாலை 5.45 – பஞ்சர்பெட்டி

கூடவே சாக்பீஸ் சோதனையும் பண்ணிடுங்க. ட்ரெட்டின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை இரண்டு விரல் அகலத்துக்கு அழுத்திப் பூசணும். காய்ந்த, மட்டமான ரோட்டில் ஐம்பது மீட்டர் நேராக ஓட்டணும், ஸ்டீரிங் திருப்பக் கூடாது. நடுவில் மட்டும் அழிஞ்சிருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் அழிஞ்சு நடு நின்றால் குறைவு. ஒரு ஓரம் மட்டும் அழிஞ்சா காற்றைக் குறை சொல்லாதீங்க, அலைன்மென்ட் பாருங்க. முன்னும் பின்னும் தனித்தனியாகப் பண்ணணும்.

6 மார்ச், மாலை 6.20 – எடைமேடை

அண்ணன் சொன்ன சோதனை நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பி எண்ணை முடிவு செய்யக்கூடாது. ரிம் அகலம் அதில் புகுந்துவிடும். 265/75 ஆர்16-க்கு 7 முதல் 8 இஞ்ச் அகல ரிம் ஏற்றது. 7 இஞ்சில் டயர் முகம் லேசாக மேடு தட்டும். சாக்பீஸ் சமமாக அழிய 26 வரை இறங்கச் சொல்லும். 8-இல் அதே டயர் 30-இல் சமமாக அழியும். டயரும் எடையும் ஒன்றுதான், மாறியது ரிம். நெடுஞ்சாலைக்கு இரண்டு சோதனையில் எது உயர்ந்த எண் தருகிறதோ அதை எடுங்கள்.

7 மார்ச், இரவு 11.30 – லிவாமணல்

ஷார்ஜாவிலிருந்து. ரோடு கணக்கு நன்றாகப் போகிறது. மணலுக்கு எண் சொல்கிறேன், ஆனால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அபுதாபியின் லிவா பாலைவனம் பக்கம் பெரிய மணல் மேடுகளில் எல்லோரும் 15-இல் தொடங்குவோம், மாவு மாதிரி மணல் வந்தால் 12. டயர் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பீட்லாக் ரிம் இல்லாமல் 12-க்குக் கீழே போனால் டயர் விளிம்பு ரிம்மை விட்டு நழுவும். பக்கச் சரிவில் ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்பும்போதுதான் அது நடக்கும். நேராக ஏறும்போது அரிது.

காற்று இறக்கினால் டயர் அகலமாகிறது, அதனால் மணலில் மிதக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். நீளம்தான் கூடுகிறது. தரையில் படும் தடம் முன்னும் பின்னும் நீண்டு, டயர் தனக்கு முன்னால் மணலை மேடாகத் தள்ளுவது குறைகிறது. இன்ஜின் திணறாமல் போவதற்கு அதுதான் காரணம்.

ஈ வகைக் கூடு விறைப்பானது. சி வகை டயர் 18-இல் எவ்வளவு வயிறு தள்ளுமோ, அதே அளவுக்கு ஈ வகை 15-இல்தான் தள்ளும். அதனால் பிஎஸ்ஐயைப் பார்க்காமல் உயரத்தை அளப்பது மேல். ரோடு அழுத்தத்தில், டயரின் அடியில் ரிம் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து எழுதிவையுங்கள். 170 மில்லிமீட்டர் இருந்தால் அதில் கால் பங்கு குறைந்து 128 வரும்வரை இறக்குங்கள். அதுதான் உங்கள் வண்டிக்கு மணல் அளவு. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அந்த பிஎஸ்ஐயைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். நாலு பேர் ஏறிய நாளில் மறுபடி அளக்க வேண்டும்.

20-க்குக் கீழே 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். 15-க்குக் கீழே இன்னும் பாதி. தார் ரோடு ஏறும் முன் நிரப்ப வேண்டும், பக்கத்துப் பங்க் வரை அப்படியே ஓட்டிப் போவது டயரின் உள்சுவரை அரைத்துவிடும். வெளியே தெரியாது. பிறகு என்றோ ஒரு நாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும்.

8 மார்ச், காலை 9.05 – செம்மண்தடம்

திருச்செந்தூர் பக்கம் தேரி மணலுக்கும் இதேதானா?

8 மார்ச், காலை 10.40 – நீலமலைக்காரர்

குதிரைமொழித் தேரியில் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே வண்டி இறக்குவது குற்றம், அதை முதலில் எழுதிவிடுகிறேன். பனங்காட்டு வழிகள், தனியார் நிலம் என்றால் உரிமையாளரைக் கேட்டுவிட்டுப் போங்கள். காய்ந்த காலத்தில் 16 முதல் 18 போதும். மழை பெய்து மணல் இறுகியிருந்தால் 20–22.

கரிசல் மண் முற்றிலும் வேறு. கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் மழைக்குப்பின் அது டயரோடு ஒட்டிக்கொண்டு ட்ரெட் பள்ளத்தை அடைத்துவிடும். அங்கே காற்றை இறக்குவது ஒட்டும் பரப்பைக் கூட்டும், அவ்வளவுதான். அடியில் இறுகிய தரை இருந்து மேலே நாலு விரல் சேறு என்றால் 28–30-இல் வைத்து, டயர் சேற்றை அறுத்துக்கொண்டு கீழே பிடிக்க விடுங்கள். அடியே இல்லாத சேறு என்றால் 18–20, கொஞ்சம் சக்கர வேகம், மண்ணை உதறிக்கொண்டே போக வேண்டும். நின்றால் போச்சு.

எஸ்டேட் கல் ரோடுகளுக்கு 24–26. பெரிய பாறை ஏறும் தடத்தில் 18–20 வரை போகலாம், ஆனால் வயிறு தள்ளிய பக்கச்சுவர்தான் முதலில் கிழியும். கூரான உடைகல் என்றால் 22-க்குக் கீழே வேண்டாம். உருண்டை ஆற்றுக்கல் என்றால் பயமில்லாமல் இறக்கலாம்.

8 மார்ச், மதியம் 12.10 – பஞ்சர்பெட்டி

ஊட்டி போகும்போது மேலே காற்று மெலிசு, டயர் உப்பிடும், அதனால் மேட்டுப்பாளையத்திலேயே 3 பிஎஸ்ஐ குறைச்சிடணும்னு சிலர் சொல்றாங்க. சரியா?

8 மார்ச், மதியம் 2.00 – எடைமேடை

குறைக்க வேண்டாம். உயரத்தால் மட்டும் மானியில் சுமார் 3 பிஎஸ்ஐ ஏறும், அது உண்மை. ஆனால் மேலே குளிரும். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் 30 அடித்து, ஊட்டியில் 17 டிகிரியில் அளந்தால் கணக்குப்படி 30-ஐ ஒட்டியே நிற்கும். ஏறியதைக் குளிர் சாப்பிட்டுவிடுகிறது. லடாக் போகிறவர்களுக்கு வேறு கணக்கு: லே சுமார் 3500 மீட்டர், அங்கே உயரத்தால் மட்டும் 5 பிஎஸ்ஐ. மேலே போய் டயர் குளிர்ந்தபிறகு அளந்து அங்கேயே சரிசெய்வதுதான் வழி. இறங்கும்போது மறுபடி நிரப்ப மறக்கக் கூடாது.

9 மார்ச், இரவு 8.15 – லிவாமணல்

மானியைப் பற்றி யாரும் பேசவில்லையே. 0–160 முகப்புள்ள மானி வாங்காதீர்கள். 2 சதவீதப் பிழை என்று போட்டிருந்தால் அது முழு அளவில் 2 சதவீதம், 160-க்கு 3.2 பிஎஸ்ஐ ஆகிவிடும். 15 வைக்க நினைத்து 12-இல் நிற்பீர்கள். 0–60 மானியில் அதே பிழை 1.2தான். பங்க் மானிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. உங்கள் மானி ஒன்றையே எல்லாவற்றுக்கும் வையுங்கள். எப்போதும் ஒரே மாதிரி தவறினால்கூடப் பரவாயில்லை.

காற்று இறக்க வால்வு பின்னையே கழற்றும் கருவி இருந்தால் டயருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பின்னை மணலில் தவறவிட்டால் தேட முடியாது, நாலைந்து உதிரி வைத்திருங்கள்.

நிரப்புவதுதான் வேலை. இந்த அளவு டயரை 15-லிருந்து 34-க்கு ஏற்ற, சுமார் 95 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். நாலுக்கும் 380. கார் சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சின்ன கம்ப்ரஸர் அந்தத் துளையின் 10–15 ஆம்பியர் ஃபியூஸுக்குள் அடங்க வேண்டியது. இரண்டு டயரிலேயே சூடேறி நின்றுவிடும். பேட்டரியில் நேராகக் கவ்வும் பெரிய வகை எடுங்கள், இன்ஜின் ஓடும்போது பயன்படுத்துங்கள்.

10 மார்ச், காலை 7.00 – பஞ்சர்பெட்டி

நைட்ரஜன் கேட்டு இன்பாக்ஸில் இரண்டு பேர். வெளிக்காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். வாரம் ஒருமுறை இறக்கி ஏற்றுகிற டயருக்குக் காசு கொடுத்து அடிக்காதீங்க.

15 மார்ச், மாலை 4.30 – செம்மண்தடம்

செய்து பார்த்தேன். 36-இல் ஏற்றம் 3. 33-இல் ஏற்றம் 5. ரிம் 7.5 இஞ்ச், சாக்பீஸ் 31-இல் சமமாக அழிகிறது. முன் 34, பின் 33 என்று வைத்திருக்கிறேன். தூக்கிப் போடுவது நின்றுவிட்டது.

15 மார்ச், மாலை 5.10 – எடைமேடை

நல்ல எண். நாலு பேர், கூரையில் சாமான் என்றால் பின்னால் 38. மே மாதம் வந்ததும் சூட்டுச் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். மாதம் இருமுறை காலையில் அளங்கள். வெப்பம் 5, 6 டிகிரி மாறினாலே ஒரு பிஎஸ்ஐ மாறும்.

15 மார்ச், மாலை 5.50 – நீலமலைக்காரர்

இரண்டு விஷயம் மிச்சம். புதிய டயரின் விட்டம் 804 மில்லிமீட்டர், பழையது 789. ஸ்பீடோமீட்டர் சுமார் 2 சதவீதம் குறைத்துக் காட்டும், பெரிய விஷயமில்லை. அடுத்து 285/75 போடும் யோசனை வந்தால் அது கிட்டத்தட்ட 6 சதவீதம், கியரும் பிரேக்கும் உணரும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியின் அசல் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. இன்ஷூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

15 மார்ச், இரவு 7.25 – பஞ்சர்பெட்டி

ஸ்டெப்னியும் அதே அளவு டயர்தானே தம்பி? அதில் 42 அடிச்சு வைங்க. நடுவழியில் மாட்டும்போது 34-க்கு இறக்குவது சுலபம், ஏற்றுவதுதான் பாடு. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியில் காற்று குறைஞ்சது யாருக்கும் கண்ணில் படாது, மாதம் ஒருமுறை அதன் மூடியையும் கழற்றிப் பாருங்க. புது டயர் பழையதைவிடக் கனம், அதனால் கதவு கீல் போல்ட்டையும் அதே நேரத்தில் ஒரு முறை முடுக்கிடுங்க.